சைக்கிளில் வாட்ச் காட்டும் துடிப்பு சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

நடக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும் ஃபிட்னஸ் வாட்ச், சைக்கிளில் ஏறியதும் தடுமாறுவது சகஜம். கூட ஓட்டுகிறவர்களின் வாட்ச்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிசெய்ததில், பிழை பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கிறது. மணிக்கட்டில் சென்சார் துடிப்பைச் சரியாகப் படிக்காமல் இருக்கலாம். துடிப்பைச் சரியாகப் படித்தும், வாட்ச்சுக்குள் இருக்கும் ஸோன் (உழைப்பை லேசு, மிதம், கடுமை என்று பிரிக்கும் துடிப்பு வரம்பு) எல்லைகள் உங்கள் உடம்புக்குப் பொருந்தாமல் இருக்கலாம். அதுவும் சரியாக இருந்து, நீங்கள் சைக்கிள் ஓட்டுகிறீர்கள் என்பதே வாட்ச்சுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இந்த வரிசையிலேயே பாருங்கள். துடிப்பே தப்பாக வரும்போது ஸோனைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை. நிறையப் பேர் அங்கேதான் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

முதலில் ஒரு சோதனை

உண்மையான துடிப்பு எவ்வளவு என்று தெரியாமல் வாட்ச்சைக் குறை சொல்ல முடியாது. பதினைந்து, இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்டிவிட்டுப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். கால் ஊன்றியதும் வாட்ச் காட்டும் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, கழுத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு விரலை மெதுவாக வைத்து 15 விநாடி நாடியை எண்ணுங்கள். நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கான துடிப்பு. நிறுத்தியதும் துடிப்பு வேகமாக இறங்கும் என்பதால் தாமதிக்கவும் கூடாது, முழு நிமிடம் எண்ணவும் கூடாது. கழுத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டாம்.

எண்ணும்போது ஒன்று விட்டுப்போனாலே நாலு வித்தியாசம் வந்துவிடும். அதனால் ஐந்து, எட்டு துடிப்பு முன்னே பின்னே இருந்தால் சென்சார் சரி என்றே வைத்துக்கொண்டு அறிகுறி 3க்குப் போங்கள். வாட்ச் பதினைந்துக்கு மேல் குறைவாகக் காட்டினால் அறிகுறி 1. அதிகமாகக் காட்டினால் அறிகுறி 2. இடைப்பட்ட வித்தியாசம் என்றால் அடுத்த ஓட்டத்தில் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.

மூச்சும் நல்ல அளவுகோல். முழு வாக்கியமாகப் பேச முடிகிறது என்றால் லேசான அல்லது மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டால் கடுமையான உழைப்பு. நீங்கள் பேச முடியாமல் திணறும்போது வாட்ச் 98 என்று காட்டினால், வாட்ச்சை நம்ப வேண்டாம், மூச்சை நம்புங்கள்.

அறிகுறி 1: மூச்சு வாங்குகிறது, வாட்ச் குறைவாகக் காட்டுகிறது

சைக்கிளில் அதிகம் வருகிற புகார் இதுதான். வாட்ச்சின் அடியில் இருக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியில் இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. விளக்குக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தாலோ, அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்தாலோ எண் சரிந்துவிடும். சைக்கிளில் இரண்டுமே நடக்கும்.

*பட்டை தளர்வாக இருக்கிறதா?* முதலில் பார்க்க வேண்டியது இது. மணிக்கட்டு எலும்பின் மேலேயே வாட்ச் உட்கார்ந்திருந்தால் அடியில் வெளிச்சம் கசியும். எலும்பிலிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் அகலம் மேலே தள்ளுங்கள். ஓட்டும் நேரத்துக்கு மட்டும் ஒரு துளை இறுக்குங்கள். கையை உதறினால் வாட்ச் நகரக் கூடாது, விரல் மரத்துப்போகவும் கூடாது. கழற்றியதும் லேசான தடம் தெரிந்தால் அளவு சரி. ஓட்டி முடித்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் வியர்வை தேங்கித் தோல் தடித்துப்போகும்.

*கையுறை இடிக்கிறதா?* கையுறையின் விளிம்போ முழுக்கைச் சட்டையின் நுனியோ வாட்ச்சுக்கு அடியில் நுழைந்து அதை ஒரு பக்கம் தூக்கிவிடும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலால் தடவிப் பாருங்கள்.

*மணிக்கட்டு மடிந்திருக்கிறதா?* பட்டை இறுக்கமாக இருந்தும் எண் குறைவாக வந்தால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்து, உடம்பின் எடையும் அதன் மேல் விழுகிறது. விரல்கள் இறுகப் பிடிக்கும்போது முன்கைத் தசைநார்கள் விறைத்து வாட்ச்சைத் தூக்குகின்றன. சோதிப்பது எளிது. வீட்டில் டிரெய்னரில் (சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் கருவி) ஓட்டுகிறவர்கள் வாட்ச் கட்டிய கையை மட்டும் தொங்கவிட்டு அதே வேகத்தில் மிதியுங்கள். அரை நிமிடத்தில் எண் விறுவிறுவென்று ஏறினால் காரணம் மணிக்கட்டுதான். சாலையில் ஓட்டுகிறவர்கள் இதற்காக ஒற்றைக் கையில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், சோதனை டிரெய்னரில் மட்டும் போதும்.

தீர்வு, பிடியை மாற்றுவதும் வாட்ச்சை இன்னும் மேலே ஏற்றுவதும். முன்கையின் சதைப்பற்றான பகுதியில், நீளமான துணிப் பட்டையால் கட்டினால் பலருக்கு உடனே சரியாகிவிடுகிறது. சிலர் வாட்ச்சின் முகத்தை உள்மணிக்கட்டுப் பக்கம் திருப்பிக் கட்டுகிறார்கள். சிலருக்கு அது பலன் தரும், சிலருக்குத் தராது. ஒரு ஓட்டம் பார்த்தால் தெரிந்துவிடும். எப்போதும் உள்ளங்கை வலிக்கிற அளவுக்கு எடை கைகளில் விழுகிறது என்றால் வாட்ச்சை விட்டுவிட்டு சைக்கிளின் பொருத்தத்தைக் கவனியுங்கள். இருக்கையின் சாய்வு, ஹேண்டில்பாரின் உயரம், அதற்குக் கை எட்ட வேண்டிய தூரம் இவை உங்கள் உடம்புக்கு ஒத்துவராமல் இருக்கும். அதைச் சரிசெய்ய சைக்கிள் பொருத்தம் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் போவதுதான் நல்லது.

*குளிராக இருக்கிறதா?* குளிரில் தோலுக்கு அடியில் இரத்த ஓட்டம் சுருங்கும். முதல் பத்து நிமிடம் குறைவாகக் காட்டிவிட்டுப் பிறகு சரியாகிறது என்றால் காரணம் இதுதான். கிளம்பும் முன் உடம்பைச் சூடாக்குங்கள், சட்டைக் கையை இழுத்து வாட்ச்சை மூடி ஓட்டுங்கள்.

*சென்சாரின் மேல் படலம் இருக்கிறதா?* வெயிலுக்குப் பூசும் கிரீமும் காய்ந்த வியர்வையின் உப்பும் கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாகப் படியும். நல்ல தண்ணீரில் அலசி மெத்தென்ற துணியால் துடைத்தால் போதும்.

*பச்சை குத்தியிருக்கிறீர்களா?* பச்சையின் மை ஒளியை விழுங்கிவிடும். அடுத்த கையில் கட்டுங்கள். அடர்ந்த முடி இருக்கும் இடத்தையும் தவிர்க்கலாம்.

*பேட்டரி சேமிப்பு நிலையில் இருக்கிறதா?* அந்த நிலையில் பல வாட்ச்கள் துடிப்பை அளப்பதைக் குறைத்துவிடும், சில நிறுத்தியே விடும். ஓட்டம் தொடங்கும் முன் அணைத்துவிடுங்கள். ஆப்பிள் வாட்ச்சில் மணிக்கட்டைக் கண்டறியும் அமைப்பு அணைந்திருந்தால் பின்னணியில் துடிப்பு அளவிடப்படாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்து, இரண்டு ஓட்டம் முடிந்தும் சரியாகவில்லை என்றால் மணிக்கட்டோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிடுங்கள். கையில் கட்டும் தனிச் சென்சாரோ மார்புப் பட்டையோ வாங்குவதுதான் மேல். கைப்பட்டையும் ஒளியால்தான் அளக்கிறது, ஆனால் மேல்கையிலோ முன்கையின் மேல்பாதியிலோ கட்டுவதால் மடிப்பும் அதிர்வும் குறைவு. மார்புப் பட்டை இதயத்தின் மின் சைகையையே நேராகப் படிக்கிறது, வேகம் மாறும்போது எண்ணும் சட்டென்று மாறும். கரடுமுரடான மண் பாதையில் ஓட்டுகிறவர்கள் இந்தப் படிகளையெல்லாம் தாண்டி நேராக மார்புப் பட்டைக்கே போய்விடலாம். அந்த அதிர்வில் மணிக்கட்டுச் சென்சாரை ஒழுங்குக்குக் கொண்டுவருவது கடினம்.

*சர்வீஸ் சென்டருக்கு எப்போது போவது?* இருட்டறையில் உடற்பயிற்சி நிலையைத் தொடங்கி வாட்ச்சின் அடியைப் பாருங்கள். பச்சை விளக்கு எரியவில்லை, கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, உள்ளே நீராவி படிந்திருக்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் செய்ய ஏதுமில்லை. தோலில் சுடுவது போல இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், திரும்பக் கட்டாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அறிகுறி 2: மெதுவாகப் போகிறேன், வாட்ச் 170 காட்டுகிறது

வரைபடத்தைத் திறந்து ஏற்றத்தின் வடிவத்தைப் பாருங்கள். உண்மையான துடிப்பு சரிவாக ஏறும். 110இல் இருந்த எண் இரண்டு மூன்று விநாடியில் 175க்குத் தாவி, அங்கேயே தட்டையாக நின்று, அப்படியே செங்குத்தாக இறங்கினால் அது பெரும்பாலும் சென்சாரின் பிழை. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். விதிவிலக்கு கடைசிப் பகுதியில் வருகிறது, அதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

சாலை குண்டும் குழியுமாக இருக்கும் இடத்தில் மட்டும் தாவுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அதிர்வு. பட்டையை இறுக்கி மேலே ஏற்றுவது இங்கும் முதல் மருந்து. டயரில் காற்று அளவுக்கு மிஞ்சி இருந்தால் அதிர்வும் கூடும், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

எண் உங்கள் மிதிவேகத்தோடு ஒட்டிக்கொண்டே போகிறதா என்றும் கவனியுங்கள். நிமிடத்துக்கு 85 முறை மிதிக்கும்போது துடிப்பும் 85 அல்லது அதன் இரட்டிப்பு 170 என்று காட்டி, மிதிப்பதை நிறுத்தியதும் அதுவும் விழுந்தால், வாட்ச் அசைவைத் துடிப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது உடம்பு இடமும் வலமும் ஆடும், அப்போது இது கூடுதலாக வரும். வாட்ச்சில் தேர்ந்தெடுத்த பயிற்சி வகை சைக்கிள்தானா என்று சரிபாருங்கள். சும்மா ‘மற்றவை’ என்று போட்டு ஓட்டக் கூடாது.

இந்தப் பிழை இன்னொரு வேலையும் செய்துவிட்டுப் போகும். பல வாட்ச்களில் அதிகபட்சத் துடிப்பைத் தானாகக் கண்டறியும் அமைப்பு உண்டு. ஒரே ஒரு பொய்யான 204 வந்தால், அதையே உங்கள் உச்சமாக எடுத்துக்கொண்டு ஐந்து ஸோனையும் மேலே நகர்த்திவிடும். அதற்கப்புறம் துடிப்பைச் சரியாகப் படித்தாலும், கடுமையாக உழைத்த ஓட்டமெல்லாம் ‘லேசானது’ என்று பதிவாகும். பொய்த் தாவலைப் பார்த்த நாளிலேயே அமைப்புக்குள் போய் அதிகபட்சத் துடிப்பை பழைய எண்ணுக்கு மாற்றுங்கள், தானாகக் கண்டறிவதை அணைத்து வையுங்கள்.

அறிகுறி 3: துடிப்பு சரி, ஸோன் பொருந்தவில்லை

நிதானமாகப் பேசிக்கொண்டே ஓட்டுகிறீர்கள், வாட்ச் நாலாவது ஸோன் என்கிறது. அல்லது உயிரைக் கொடுத்து மேடு ஏறுகிறீர்கள், இரண்டாவது ஸோனிலேயே நிற்கிறது. இரண்டுமே எல்லைகள் தப்பாக இருப்பதன் அடையாளம்.

*பிறந்த ஆண்டு சரியா?* கேட்கவே தயக்கமாக இருக்கும், ஆனாலும் பாருங்கள். கணக்கு தொடங்கும்போது ஏதோ ஒரு தேதியைத் தட்டிவிட்டு அப்படியே விட்டவர்கள் உண்டு. தொடக்கத்தில் வாட்ச் அதிகபட்சத் துடிப்பை வயதை வைத்துத்தான் கணிக்கிறது. எடையும் பழையதாக இருந்தால் கலோரிக் கணக்கு கெடும்.

*வயதுச் சூத்திரத்தை நம்பி இருக்கிறீர்களா?* பழைய சூத்திரம் 220இலிருந்து வயதைக் கழிக்கும். இன்னொன்று 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும். 40 வயதில் இரண்டும் 180 என்றே சொல்லும். ஆனால் அது சராசரி. ஒரே வயதுள்ள இருவருக்குள் பத்துப் பதினைந்து துடிப்பு வித்தியாசம் இருப்பது இயல்பு. கடுமையான உழைப்பு அதிகபட்சத்தில் 77 சதவீதத்தில் தொடங்குவதாக வைத்துக்கொண்டால், 180க்கு அந்த எல்லை 139. உங்கள் உண்மையான உச்சம் 195 என்றால் எல்லை 150. நீங்கள் 142இல் ஓட்டும்போது வாட்ச் ‘கடுமை’ என்று எழுதும், உடம்போ மிதமாகத்தான் உழைத்துக்கொண்டிருக்கும்.

*எந்த முறையில் கணக்குப் போடுகிறது?* இதைப் பார்க்கிறவர்கள் குறைவு, பிழையோ பெரிது. அதிகபட்சத் துடிப்பின் சதவீதமாகவும் ஸோன் போடலாம், ஓய்வுத் துடிப்பைக் கழித்து மீதியின் சதவீதமாகவும் போடலாம். உச்சம் 190, ஓய்வு 60 என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறையில் 70 சதவீதம் என்பது 133. இரண்டாவது முறையில் 130இன் 70 சதவீதமான 91ஐ 60உடன் கூட்ட வேண்டும், 151 வரும். அதே ‘70 சதவீதம்’, நடுவே 18 துடிப்பு. பயிற்சித் திட்டம் ஒரு முறையில் எழுதப்பட்டிருந்து வாட்ச் இன்னொரு முறையில் இருந்தால் எப்படி ஓட்டினாலும் ஒத்துவராது. இரண்டையும் ஒரே முறைக்குக் கொண்டுவாருங்கள்.

*ஓட்டப்பயிற்சியின் ஸோனே சைக்கிளுக்கும் இருக்கிறதா?* ஓடும்போது உடம்பு முழுவதும் எடையைச் சுமக்கிறது. சைக்கிளில் இருக்கை சுமக்கிறது. அதனால் பலருக்குச் சைக்கிளில் எட்டும் உச்சத் துடிப்பு ஓடும்போது எட்டுவதைவிடச் சில துடிப்புகள் குறைவு. கார்மின் போன்ற வாட்ச்களில் விளையாட்டுக்குத் தனித்தனியாக ஸோன் வைக்கலாம். வசதி இருந்தால் சைக்கிளுக்கென்று தனியாகப் போடுங்கள்.

*உங்கள் எல்லையை நீங்களே அளப்பது.* நல்ல உடல்நிலையில் இருந்து, ஏற்கனவே பழக்கமாக ஓட்டுகிறவர் என்றால் வழி இது. மார்புப் பட்டையோ நம்பகமான கைப்பட்டையோ கட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு 30 நிமிடம், முழுவதும் தாக்குப்பிடிக்கக் கூடிய அதிகபட்ச வேகத்தில் சீராக ஓட்டுங்கள். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் உங்கள் வாசல் துடிப்பு, அதாவது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக் கூடிய உழைப்பின் மேல் எல்லை. அதை வைத்து ஸோன் பிரித்துத்தரும் அமைப்பு பல வாட்ச்களில் இருக்கிறது. வயதை வைத்துக் கணித்த எந்த எண்ணையும்விட இது பயன்படும் என்பது என் அனுபவம். சிக்னலும் நெரிசலும் இல்லாத சாலையோ டிரெய்னரோ கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். இதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள், பல மாதம் உடற்பயிற்சி இல்லாமல் இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

*மாத்திரை சாப்பிடுகிறீர்களா?* இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். வாட்ச் காட்டும் எண் சரியாகவே இருக்கும், ஆனால் வயதை வைத்துப் போட்ட ஸோனுக்கு அர்த்தம் இருக்காது. இவர்களுக்கு உழைப்பை அளக்க மூச்சும் உணர்வும்தான் வழி. உழைப்பு எவ்வளவு சிரமமாகத் தெரிகிறது என்பதை எண்ணால் சொல்லும், 6 முதல் 20 வரையிலான போர்க் அளவுகோலில் 12, 13 என்பது ‘கொஞ்சம் சிரமம்’. எந்த அளவு வரை போகலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வாட்ச்சில் ஸோன் வட்டம் நிறையவில்லையே என்பதற்காகத் தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவது ஆபத்து, அதை மட்டும் செய்யாதீர்கள்.

அறிகுறி 4: ஒரு மணி நேரம் ஓட்டியும் தீவிர நிமிடங்கள் ஏறவில்லை

உடம்பு போதுமான அளவு உழைத்த நிமிடங்களை வாட்ச் தனியாக எண்ணும்: கார்மினில் இன்டென்சிட்டி மினிட்ஸ், ஃபிட்பிட்டில் ஆக்டிவ் ஸோன் மினிட்ஸ், ஆப்பிளில் பச்சை வளையம். பெயர் எதுவானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஓட்டத்தைத் தொடங்கும்போது வாட்ச்சில் சைக்கிள் பயிற்சியைத் தொடங்கினீர்களா? தொடங்காமல் விட்டால் பல வாட்ச்கள் பெரும்பாலும் கையசைவை வைத்தே ஊகிக்கும். ஹேண்டில்பாரின் மேல் கை அசையாமல் இருப்பதால், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் போலத்தான் அதற்குத் தெரியும். தானாகக் கண்டறியும் வசதி இருந்தாலும் அது விழித்துக்கொள்வதற்குள் ஆரம்ப நிமிடங்கள் போய்விடும். பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்புவதே மேல்.

தொடங்கியும் ஏறவில்லை என்றால் நாள் முழுவதும் துடிப்பு அளக்கும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஓய்வுத் துடிப்பு. சில வாட்ச்கள் ஓய்வுத் துடிப்போடு ஒப்பிட்டுத்தான் உழைப்பை மதிப்பிடுகின்றன, இரவில் வாட்ச்சைக் கழற்றிவைக்கிறவர்களுக்கு அந்த எண் உண்மையைவிட அதிகமாகப் பதிவாகலாம். சில இரவுகள் கட்டிக்கொண்டு தூங்கினால் தானாகச் சரியாகும். சில பழைய மாடல்கள் தொடர்ந்து பத்து நிமிடம் உழைத்தால்தான் கணக்கில் சேர்க்கும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் எப்போதும் அறுந்துகொண்டே இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், உழைப்பே அந்த அளவுக்கு இல்லை என்பதும் ஒரு பதில். மிதமான உழைப்பு அதிகபட்சத் துடிப்பில் ஏறத்தாழ 64 முதல் 76 சதவீதம். இறக்கத்தில் மிதிக்காமல் உருண்ட நேரமும், மோட்டார் உதவியுள்ள சைக்கிளில் லேசாக மிதித்த நேரமும் அதற்குக் கீழே இருக்கும். தொடர்ந்து ஓட்டி உடம்பு தேறத் தேற, அதே சாலைக்கு அதே வேகத்தில் துடிப்பு குறையும், நிமிடங்களும் குறையும். வாட்ச் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து இந்த இடத்தில் புது வாட்ச் வாங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. துடிப்பு குறைவது நல்ல செய்தி.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. கார்மினும் ஃபிட்பிட்டும் கடுமையான நிமிடத்தை இரண்டாக எண்ணுவது இந்தக் கணக்கை ஒட்டித்தான். ஆப்பிளின் பச்சை வளையம் இரட்டிப்பாக எண்ணாது. இரண்டு வகை வாட்ச் வைத்திருப்பவர்கள் நிமிடங்களை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

அறிகுறி 5: நிமிடங்கள் இரட்டிப்பாக ஏறுகின்றன

வாட்ச் ஒரு பக்கம், சைக்கிள் கம்ப்யூட்டரோ போனில் இருக்கும் ஆப்போ இன்னொரு பக்கம் என்று ஒரே ஓட்டத்தை இரண்டும் பதிவுசெய்து ஒரே கணக்குக்கு அனுப்புகின்றன. எதை மூலமாக வைப்பது என்று முடிவுசெய்து, மற்றதன் அனுப்பும் அனுமதியை அணையுங்கள். ஏற்கனவே விழுந்த இரட்டைப் பதிவில் ஒன்றைக் கையால் நீக்கிவிடுங்கள்.

அறிகுறி 6: மார்புப் பட்டை போட்டும் தகராறு

*ஆரம்பத்தில் மட்டும் தாறுமாறு, பிறகு சரி.* மின்முனைகள் காய்ந்திருக்கின்றன. பட்டையின் உட்புறம் தோலில் படும் இடங்களைத் தண்ணீரால் நன்றாக நனைத்துக் கட்டுங்கள். மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே, மூச்சை முழுதாக இழுத்தாலும் நழுவாத இறுக்கத்தில் இருக்க வேண்டும்.

*வேகமாக இறங்கும்போது மட்டும் தாவுகிறது.* காற்றில் படபடக்கும் செயற்கை இழை ஜெர்சி நிலைமின்சாரத்தை உண்டாக்கும். வறண்ட காற்றில் இது அதிகம். உடம்போடு ஒட்டிய சட்டை போடுங்கள், பட்டையை மறுபடி நனையுங்கள்.

*இடையிடையே விட்டுவிட்டு வருகிறது.* பேட்டரி. பெரும்பாலானவற்றில் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரிதான் இருக்கும். வேறெதையும் யோசிக்கும் முன் மாற்றிப் பாருங்கள். ஓட்டி முடித்ததும் கருவியைப் பட்டையிலிருந்து கழற்றி வைத்தால் பேட்டரி அதிக நாள் வரும். மாற்றியும் சரியாகவில்லை என்றால் துணிப் பட்டையைப் பாருங்கள். வியர்வை உப்பு ஏறி மின்முனை வெடித்திருந்தால் பட்டையை மட்டும் தனியாக மாற்றலாம், முழுக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு தண்ணீரில் அலசிக் காயவைக்கிறவர்களுக்கு இது தாமதமாகத்தான் வரும்.

*வாட்ச்சில் இணையவே இல்லை.* பழைய பட்டைகள் பல ப்ளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடு மட்டும் பேசும். போனில் இருக்கும் ஏதாவது ஒரு ஆப் ஏற்கனவே பிடித்துவைத்திருக்கும். போனின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி இணையுங்கள். வாட்ச் ஆன்ட் பிளஸ் (ப்ளூடூத் போன்ற இன்னொரு கம்பியில்லா இணைப்பு) வசதி உள்ளது என்றால் அதன் வழியாக இணைப்பது நல்லது, அதில் ஒரே பட்டையைப் பல கருவிகள் கேட்கலாம்.

இன்னொன்று, பட்டை இணையாவிட்டால் வாட்ச் சத்தமில்லாமல் மணிக்கட்டுச் சென்சாருக்கு மாறிவிடும். பட்டையின் எண் என்று நம்பி நீங்கள் பார்ப்பது மணிக்கட்டின் எண்ணாக இருக்கலாம். கிளம்பும் முன் எந்தச் சென்சார் இயங்குகிறது என்று திரையில் உறுதிசெய்யுங்கள்.

அறிகுறி 7: குறுகிய வேக ஓட்டங்கள் பதிவில் தெரிவதில்லை

இது பிழையே அல்ல. 20 விநாடி முழு வேகத்தில் மிதித்தால் துடிப்பு உச்சத்துக்கு வருவதற்குள் நீங்கள் ஓய்வுக்குப் போயிருப்பீர்கள். இதயம் பின்னாலிருந்துதான் வரும், எந்தச் சென்சாரும் அதை மாற்ற முடியாது. மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட சுற்றுகளுக்குத் துடிப்பைப் பாருங்கள். அதற்குக் குறைவானவற்றை உணர்வால் அளங்கள், அல்லது மிதிப்பின் திறனை அளக்கும் கருவியான பவர் மீட்டரால். வாட்ச்சில் பதிவு இடைவெளி ‘தானாக’ என்று இருந்தால் ஒவ்வொரு விநாடியும் என்று மாற்றுங்கள்.

அறிகுறி 8: அதே வேகம், துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில், வெயிலில், தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தால் உழைப்பு கூடாமலே துடிப்பு பத்து, பதினைந்து ஏறுவது இயல்பு. டிரெய்னரில் எதிர்காற்று இல்லாததால் இன்னும் சீக்கிரம் ஏறும். நேராக உடம்பில் படும்படி ஒரு மின்விசிறி வைத்தால் வித்தியாசம் தெரியும். நீண்ட ஓட்டத்தின் பின்பாதியில் ஸோனை விட மூச்சைக் கவனிப்பது நல்லது. தொடக்கத்திலிருந்தே வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் தூக்கக் குறைவோ காய்ச்சலின் தொடக்கமோ காரணமாக இருக்கலாம், அன்றைக்கு ஓய்வெடுங்கள்.

அறிகுறி 9: பவர் மீட்டர் எண் நம்பும்படி இல்லை

ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் பூஜ்ய அளவீடு (விசை இல்லாதபோது கருவி பூஜ்யம் காட்டும்படி சரிசெய்வது) செய்யுங்கள். வீட்டுக்குள்ளிருந்து எடுத்ததும் செய்யாமல், சைக்கிள் வெளிவெப்பத்துக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள். மிதியில் பொருத்தும் வகை என்றால் அமைப்பில் கிராங்க் (மிதியைத் தாங்கும் தண்டு) நீளம் சரியா என்று பாருங்கள். 172.5 மில்லிமீட்டருக்குப் பதில் 170 என்று இருந்தால் ஒன்றரை சதவீதம் குறைவாகக் காட்டும். ஒரு காலை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் வகையில், இரு கால்களின் பலம் சமமாக இல்லாதவர்களுக்கு எண் தள்ளியே இருக்கும், அதைத் திருத்த வழியில்லை. சராசரியில் பூஜ்யங்களைச் சேர்க்கும் அமைப்பு இயங்க வேண்டும், இல்லாவிட்டால் மிதிக்காத நேரம் விட்டுப்போய்ச் சராசரி ஊதிக் காட்டும். எஃப்டிபி (ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக் கூடிய சராசரித் திறன்) எண் பழையதாக இருந்தாலும் ஸோன் எல்லாம் தள்ளிப்போகும். 20 நிமிட முழு முயற்சியின் சராசரியை 0.95ஆல் பெருக்கிப் புதுப்பித்துக்கொள்ளலாம். கிராங்கைக் கழற்றி மாட்டிய பிறகு எண் மாறியிருந்தால் முறுக்குவிசை, அதாவது திருகை இறுக்கிய அளவு, சரியில்லாமல் இருக்கலாம். அது சைக்கிள் மெக்கானிக்கின் வேலை.

அறிகுறி 10: சென்சார் பொய் சொல்லவில்லை, உடம்புதான் எச்சரிக்கிறது

வாட்ச்சில் எண் திடீரென்று தாவும்போது நெஞ்சிலும் படபடப்பு தெரிகிறதா? மார்புப் பட்டையும் அதே தாவலைக் காட்டுகிறதா? நிறுத்தி உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியும் இறங்கவில்லையா? விரலால் எண்ணும்போது நாடி ஒழுங்கில்லாமல், முன்னே பின்னே துடிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பட்டையை இறுக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். அன்றைய ஓட்டத்தை அங்கேயே முடித்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். இதயத்தின் தாள மாற்றங்களைச் சென்சார் பிழை என்று தள்ளிவிடுவது எளிது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நெஞ்சுவலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் என்றால் காத்திருக்கவே வேண்டாம், உடனே அவசர உதவியை அழையுங்கள். தனியாக ஓட்டி வீடு திரும்ப முயலாதீர்கள்.

அவசரம் இல்லாமல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த ஓட்டத்தின் வரைபடத்தைப் போனில் எடுத்துச் செல்லுங்கள். தாவல் எந்த நிமிடத்தில் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது என்ன உணர்ந்தீர்கள், மணிக்கட்டா மார்புப் பட்டையா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். ஈசிஜி எடுக்கும் வசதி உங்கள் வாட்ச்சில் இருந்தால், படபடப்பு வந்த நேரத்தில் அசையாமல் உட்கார்ந்து எடுத்த பதிவையும் காட்டுங்கள்.